மொரீஷியஸில் பழைய கரும்புத் தோட்ட அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டும்: எங்கே போகலாம், சாப்பாட்டுக்கு என்ன செய்யலாம்?

மோக்கா_டீச்சர் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். நான் எங்கள் கோவிலில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். 8 வயதிலிருந்து 14 வயது வரை பிள்ளைகள் வருகிறார்கள். இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் வந்ததை நினைவுகூரும் நவம்பர் 2 விழாவில் அவர்களைப் பேச வைக்கிறோம். ஒவ்வொரு வருஷமும் "நம் முன்னோர் கப்பலில் வந்து கரும்புத் தோட்டத்தில் பாடுபட்டார்கள்" என்று மனப்பாடமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதில் எந்தப் படமும் அவர்கள் மனதில் ஓடவில்லை என்பது முகத்திலேயே தெரிகிறது. அப்பா எபேனில் ஆபீஸுக்குப் போகிறார், சர்க்கரை சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கிறது, வேறு என்ன தெரியும் அதுகளுக்கு?

அதனால் இந்த முறை அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை ஒரு பஸ் வைத்து, பழைய தோட்டம் ஒன்றை நேரில் காட்டலாம் என்று இருக்கிறேன். காம்பில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், எப்படி வாழ்ந்தார்கள், எதில் சமைத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். இயந்திரம் இரண்டாம்பட்சம். போ பிளான் சர்க்கரை அருங்காட்சியகம், மோக்காவில் யுரேக்கா வீடு, தெற்கே போவா ஷெரி தேயிலைத் தோட்டமும் செயின்ட் ஓபின் வீடும் என்று மூன்று யோசனை வந்திருக்கிறது. துரை வீட்டுத் தாழ்வாரத்தையும் சாப்பாட்டு மேசையையும் பார்த்துவிட்டு, இதுதான் தோட்ட வாழ்க்கை என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்களோ என்பது என் பயம்.

சாப்பாடு இன்னொரு தலைவலி. அந்தத் தேதி புரட்டாசிக்குள் வருகிறது, பாதிப் பிள்ளைகள் கோவிந்தன் விரதத்தில் இருப்பார்கள். அங்கே இருக்கும் உணவகங்களில் சுற்றுலாக்காரர்களுக்கான விலை. நாலைந்து பாட்டிமார்களும் வர ஆசைப்படுகிறார்கள், எல்லோருக்கும் முழங்கால் வலி. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாம்பிளமூஸ்_வாசி:

டீச்சர், மூன்றில் போ பிளானுக்கே போங்கள். மற்ற இரண்டும் அழகான இடங்கள்தான், ஆனால் அங்கே காட்டப்படுவது தோட்டத்தை வைத்திருந்தவர்களின் வாழ்க்கை. போ பிளான் வேலை நடந்த இடம். 1797-இல் தொடங்கிய ஆலை, 1999-இல் கடைசியாக நின்றது, 2002-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். முக்கியமான இயந்திரங்களை அப்படியே இருந்த இடத்தில் விட்டிருக்கிறார்கள். அந்த இரும்பு உருளைகளுக்கும் கொப்பரைகளுக்கும் பக்கத்தில் ஒரு பத்து வயதுப் பிள்ளையை நிறுத்திப் பாருங்கள், நீங்கள் பேசவே தேவையில்லை.

உள்ளே எழுத்துப் பலகைகள் நிறைய, பிரெஞ்சும் ஆங்கிலமும். எல்லாவற்றையும் படிக்க வைத்தால் அரை மணி நேரத்தில் பிள்ளைகள் சோர்ந்து உட்கார்ந்துவிடும். நீங்கள் முன்கூட்டியே ஒருமுறை தனியாகப் போய் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால் முதலில் அடிமை முறை பற்றிய பகுதியில் நில்லுங்கள். 1797 என்றால் கவனியுங்கள், நம் ஆட்கள் ஒப்பந்தத்தில் வருவதற்கு 37 வருஷம் முன்பு. அன்றைக்கு இந்தத் தீவில் கரும்பு வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகள். தென்னிந்தியாவிலிருந்தும் அடிமைகளாகச் சிலர் வந்திருக்கிறார்கள். 1835 பிப்ரவரி 1-ஆம் தேதி அடிமை முறை ஒழிந்தது, அந்த இடத்தை நிரப்பத்தான் இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். இதைச் சொல்லாமல் "நம் முன்னோர்" என்று ஆரம்பித்தால் கதை பாதியிலிருந்து தொடங்கிய மாதிரி ஆகிவிடும். வகுப்பில் நம் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்காருகிற, அந்த அடிமைகளின் வழிவந்த கிரியோல் பிள்ளையின் கதையும் அதே ஆலைக்குள் இருக்கிறது.

அடுத்து சர்க்கரை எப்படி ஆகிறது என்ற பகுதி. கரும்பைப் பிழிவது, சாற்றில் சுண்ணாம்பு சேர்த்துத் தெளிய வைப்பது, காய்ச்சுவது, மணி பிடித்ததும் சுழற்றிப் பாகைப் பிரிப்பது. மிஞ்சும் சக்கையை எரித்துத்தான் கொதிகலனை ஓட்டினார்கள், இன்றைக்கும் ஓடுகிற ஆலைகளில் அந்தச் சக்கையிலிருந்து மின்சாரமே எடுக்கிறார்கள். வீட்டில் எரியும் விளக்கில் கரும்பு இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், ஆனால் உண்மை.

கடைசியில் சர்க்கரை ருசி பார்க்கக் கொடுப்பார்கள். வெளிர் நிறத்தில் ஆரம்பித்து, கரிய ஈரச் சர்க்கரை வரை. அந்தக் கடைசி வகையை விரலில் எடுத்தால் ஒட்டும், பாகு வாசனை மூக்கில் ஏறும். பெரியவர்களுக்கு ரம் தனி. பாட்டிமார்களுக்கு எங்கெங்கே படி ஏற வேண்டியிருக்கும் என்று போனில் கேட்டுவிடுங்கள், அப்படியே பள்ளிக் குழுவுக்கான கட்டணத்தையும்.

ரிவியேர்_கரும்புக்காரர்:

டீச்சர் அம்மா, நான் சின்னத் தோட்டக்காரன், அப்பா காலத்திலிருந்து கரும்புதான். தம்பி சொன்னது எல்லாம் சரி, போ பிளானுக்குப் போங்கள். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே வழியில் பிள்ளைகள் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை யாரும் அருங்காட்சியகம் என்று சொல்வதில்லை.

கரும்புக் காட்டுக்கு நடுவே கறுப்புக் கல் குவியல் குவியலாக, சில இடத்தில் கோபுரம் போல அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இது எரிமலைத் தீவு, மண்ணைவிடக் கல்தான் அதிகம். கரும்பு நட வேண்டும் என்றால் முதலில் கல்லைப் பொறுக்க வேண்டும். அடிமைகளும், அவர்களுக்குப் பிறகு நம் ஆட்களும் கையால் பொறுக்கி, தலையில் சுமந்து அடுக்கியவை அவை. நெடுஞ்சாலையில் பஸ்ஸை நிறுத்த முடியாது, அதனால் ஏதாவது கிராமத்துச் சாலைக்குள் திருப்பச் சொல்லி, ஒரு குவியலுக்குப் பக்கத்தில் இறக்கிவிடுங்கள். ஆளுக்கு ஒரு கல்லைத் தூக்கிப் பார்க்கட்டும். கையில் சுரசுரவென்று குத்தும், வெயிலில் சூடேறியிருக்கும். தூக்கிய கல்லைத் திரும்ப அதே இடத்தில் வைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அது யாரோ ஒருவருடைய காடு. அக்டோபரில் வெட்டு நடந்துகொண்டிருக்கும், ஜூன் மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை போகும், எனவே லாரியில் கரும்பு ஏற்றுவதையும் பார்க்கலாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு ஒப்பந்தத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஆரம்ப கால ஒப்பந்தத்தில் ஆணுக்கு மாதம் 5 ரூபாய், 5 வருஷத்துக்கு. அதோடு தினப்படி 2 பவுண்டு அரிசி, அரை பவுண்டு பருப்பு, கொஞ்சம் உப்பு, எண்ணெய். வீட்டிலிருந்து கிளம்பும்போது தராசில் நிறுத்து ஒரு பையில் 900 கிராம் அரிசியும் இன்னொரு பையில் 225 கிராம் பருப்பும் கட்டிக்கொண்டு போங்கள். விடியலிலிருந்து வெயில் சாய்கிற வரை மண்வெட்டி பிடித்த ஆளுக்கு ஒரு நாளுக்கு இதுதான் என்று பிள்ளைகள் கையில் கொடுங்கள். காய்கறி எங்கே என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். அதுதான் நல்ல கேள்வி. காய்கறி என்பது தோட்டத் துரை கொடுத்தது அல்ல, காம்புக்குப் பின்னால் கிடைத்த துண்டு நிலத்தில் தாங்களே போட்டது. பூசணி, கத்தரி, பீர்க்கு, வேலியில் முருங்கை. முடிந்தவர்கள் ஒரு பசு கட்டினார்கள்.

அப்புறம் பெரிய பிள்ளைகளுக்கு "டபுள் கட்" கணக்கைப் போடச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிப்பார்கள். காய்ச்சலில் மூன்று நாள் படுத்தால் ஆறு நாள் கூலி போச்சு. மாதம் 5 ரூபாயில் அது எவ்வளவு என்று அவர்களே கணக்குப் போடட்டும்.

கதையை அங்கேயே நிறுத்திவிடாதீர்கள் அம்மா. 1880-களிலிருந்து பெரிய தோட்டங்கள் நிலத்தைத் துண்டு போட்டு விற்க ஆரம்பித்தன, மோர்செல்மான் என்பார்கள். கூலியில் மிச்சம் பிடித்தும், பாலும் காய்கறியும் விற்றும், பெண்கள் நகையைக் கொடுத்தும் நம் ஆட்கள் அந்தத் துண்டுகளை வாங்கினார்கள். பெரும்பாலும் துரைமார்களுக்கு வேண்டாத கல் நிலம், ஓர நிலம். என் நிலமும் அப்படி வந்ததுதான், இன்றைக்கும் உழுதால் கல் வருகிறது. 1850-களின் கடைசியில் இந்தத் தீவில் 250-க்கு மேல் ஆலைகள் இருந்தன, இப்போது மூன்றே மூன்று. என் கரும்பு எத்தனையோ கிலோமீட்டர் லாரியில் போகிறது. போகிற வழியில் தனியாக நிற்கிற கல் புகைபோக்கிகளைப் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், ஒவ்வொன்றும் ஒரு ஆலை நின்ற இடம்.

ரோஸ்ஹில்_அடுப்படி:

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு என் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், "அரிசியும் பருப்பும் சரி, அரைக்கிறதை யார் சொல்லுவா" என்றார். அதனால் அந்தப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

டீச்சர் அக்கா, தோட்டத்து உணவகங்களில் போய் காம்புச் சாப்பாட்டைத் தேடாதீர்கள். அங்கே பனங்குருத்து சாலட், இறால், மான்கறி எல்லாம் நன்றாகச் செய்கிறார்கள், நான் சாப்பிட்டிருக்கிறேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது துரை வீட்டு மேசையில் இருந்த சாப்பாடு. அதைச் சமைத்த கைகள் நம்முடையவையும் கிரியோல் மக்களுடையவையும், அவர்கள் தங்கள் வீட்டில் சாப்பிட்டது வேறு. அதை நீங்களே சமைத்துக் காட்டுங்கள். காலையில் அருங்காட்சியகம், மதியம் கோவில் மடப்பள்ளிக்குத் திரும்பி வந்து பிள்ளைகளும் பாட்டிமார்களும் சேர்ந்து சமையல். விரதப் பிரச்சினையும் தீர்ந்தது, செலவும் குறைவு.

முதலில் ஒரு ரோஸ் காரி தேடிப் பிடியுங்கள். அம்மிதான், ஆனால் இந்த ஊர் எரிமலைக் கல்லில் செதுக்கியது, பக்கத்து வீட்டில் யாராவது கொல்லையில் போட்டு வைத்திருப்பார்கள். மிக்ஸி வந்த பிறகு அதன் மேல் பூந்தொட்டி வைத்துவிட்டார்கள். நன்றாகத் தேய்த்துக் கழுவி, முதலில் ஒரு பிடி அரிசியை அரைத்துக் கொட்டிவிடுங்கள், மண்ணும் தூசும் அதோடு போய்விடும்.

அன்றைக்கு என்ன சமைக்கலாம் என்றால், சோறு, கத்தரிக்காய் போட்ட பருப்பு, பூசணிக்காய்க் கறி, முருங்கைக்கீரைச் சாறு, ரசம், பொம்தாமூர் சட்னி. தக்காளியை அடுப்புத் தணலில் சுட்டுத் தோலை உரித்து, பச்சை மிளகாயும் கோத்தோமிலியும் (கொத்தமல்லி) உப்பும் வைத்து ரோஸ் காரியில் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும், மைய அரைக்கக் கூடாது. அந்தச் சட்னி ஒன்றுக்காகவே பிள்ளைகள் இரண்டாவது தடவை சோறு கேட்பார்கள். கீரை உருவுகிற வேலையைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். வட்டமாக உட்கார வைத்துக் கீரையை நடுவில் கொட்டினால் போதும், பாட்டிமார்கள் தானாகவே பேச ஆரம்பித்துவிடுவார்கள், எந்த வழிகாட்டிக்கும் தெரியாத விஷயம் எல்லாம் அப்போதுதான் வரும். நாற்காலி போட்டு மைக்கைக் கையில் கொடுத்துப் பேசுங்கள் என்றால் வாயைத் திறக்க மாட்டார்கள்.

காலையில் பஸ்ஸில் கொடுக்க காத்தோ பிமான். தெருவில் ரொட்டிக்குள் வெண்ணெயோடு வைத்துத் தருகிறார்களே, அதைத் தினமும் தின்கிற பிள்ளைகளுக்கு அது பாட்டி வீட்டு வடைதான் என்று ஒருமுறை செய்து காட்ட வேண்டும். பருப்பை இரவே ஊறப் போட்டு, தண்ணீரை முழுக்க வடித்து, கரகரப்பாக அரைக்க வேண்டும். முழுப்பருப்பு அங்கங்கே கண்ணில் பட வேண்டும். மாவில் தண்ணீர் நின்றால் எண்ணெயில் உடைந்துபோகும். வெங்காயத்தாள், கோத்தோமிலி, மிளகாய், சீரகம், உப்பு. விரதத்தில் வெங்காயம் சேர்க்காத வீடுகளும் உண்டு, முன்பே கேட்டுக்கொண்டு அவர்களுக்குத் தனியாக முதல் ஈடு போட்டுவிடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. சில பாட்டிமார்கள் "இது கஷ்டகாலச் சாப்பாடு, இதைப் போய் பிள்ளைகளுக்குக் காட்டுவதா" என்று கூச்சப்படுவார்கள். என் அம்மாவுக்கே அது உண்டு. காவடி முடிந்து வாழை இலையில் ஏழு கறி போடும்போது வருகிற பெருமை, தினச் சாப்பாட்டுக்கு அவர்களிடம் இல்லை. வற்புறுத்தாதீர்கள், சமைக்க உதவி வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.

செயின்ட்தெனி_தமிழன்:

நான் தமிழ்நாட்டிலிருந்து வந்து, பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் வேலை பார்க்கிறேன், மொரீஷியஸுக்கு விடுமுறைக்கு வந்து யுரேக்காவையும் பார்த்திருக்கிறேன். துரை வீடு வேண்டாம் என்று எல்லோரும் ஒரே முடிவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இங்கே செயின்ட் ழில் மேட்டில் வில்லேல் அருங்காட்சியகம் இருக்கிறது. தெபாசேன் குடும்பத்தின் தோட்ட வீடு, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. புதுச்சேரி வீடுகளின் சாயல் அதில் தெரியும். அதே வளாகத்தில் அடிமைகளுக்கான மருத்துவமனைக் கட்டடமும் நிற்கிறது. மாளிகையின் தாழ்வாரத்தில் நின்றுவிட்டு அந்தக் கட்டடத்துக்கு நடந்து போகும்போது, அந்தத் தாழ்வாரம் யாருடைய உழைப்பில் நின்றது என்பது வேறு விளக்கம் இல்லாமல் புரிகிறது. செயின்ட் லூவில் ஸ்தெல்லா மாதுத்தினா என்ற பழைய சர்க்கரை ஆலையும் 1991 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது, 2015-இல் புதுப்பித்துத் திறந்தார்கள், போ பிளான் மாதிரியே இயந்திரங்களோடு. இரண்டையும் பார்த்தவர்களுக்குத்தான் முழுக் கதை கிடைக்கும்.

அதனால் டீச்சர், வேறொரு நாள் பெரிய பிள்ளைகளை மட்டும் யுரேக்காவுக்குக் கூட்டிப்போங்கள், உங்களுக்கு அது பக்கத்திலேயே இருக்கிறது. 109 கதவு உள்ள வீடு என்று வழிகாட்டி சொல்வார். காலையில் அத்தனை கதவையும் திறந்து மாலையில் அடைத்தது யார், தரை துடைத்தது யார், சாப்பாடு மேசைக்கு எந்த வாசல் வழியாக வந்தது என்று பிள்ளைகளைக் கேட்க வையுங்கள்.

ரிவியேர்_கரும்புக்காரர்:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முதல் தடவையே அங்கே போகக் கூடாது என்பதுதான் என் கருத்து. பிள்ளைக்கு முதலில் பார்த்ததுதான் மனதில் நிற்கும். கல்லும் காம்பும் முதலில், மாளிகை அப்புறம்.

மோக்கா_டீச்சர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ரோஸ்ஹில் தங்கச்சி சொன்ன மாதிரி மதியம் கோவிலில் சமையல் என்று முடிவு பண்ணிவிட்டேன், நிர்வாகத்திலும் சரி என்றுவிட்டார்கள். ஐயா, அரிசிப் பை யோசனை அருமை, பெரிய பிள்ளைகளையே நிறுக்க வைக்கிறேன். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்ற ஆவணங்கள் இருக்கின்றனவே, அதையும் அன்றைக்கே சேர்த்துவிடலாமா? இரண்டு பாட்டிமார்கள் தங்கள் தாத்தாவின் பெயர் அதில் இருக்குமா என்று கேட்கிறார்கள்.

பாம்பிளமூஸ்_வாசி:

அன்றைக்கு வேண்டாம் டீச்சர், அது தனி வேலை. அங்கே கப்பல் வாரியான பதிவேடுகள் இருக்கின்றன. வந்தவரின் பெயர், எண், ஊர், உயரம், உடம்பில் இருந்த தழும்பு வரை எழுதியிருப்பார்கள், பிற்காலத்தில் வந்தவர்களில் பலருக்குப் புகைப்படமும் உண்டு. ஆனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் கஷ்டம், மதராஸ் வழியாக வந்த பெயர்களை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். பாட்டி வீட்டில் பழைய பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று எது இருந்தாலும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதில் குடியேற்ற எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. வார நாளில் போனில் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். அங்கேயே குடியேறியவர்களின் பாத்திரம், நகை, வீட்டுச் சாமான் வைத்த சிறிய அருங்காட்சியகமும் இருக்கிறது, பாட்டிமார்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

ரோஸ்ஹில்_அடுப்படி:

அக்கா, ரோஸ் காரி கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், எங்கள் வீட்டில் இருப்பதைத் தருகிறேன், என் தம்பி வேனில் கொண்டுவந்து இறக்குவான். தூக்க இரண்டு ஆள் வேண்டும், கீழே வைக்க ஒரு தடித்த சாக்கு. எத்தனை பேர் என்று வியாழக்கிழமைக்குள் சொல்லிவிட்டால் பருப்பு அளவு நான் கணக்குப் போட்டுத் தருகிறேன். வெள்ளிக்கிழமை இரவு ஊறப் போட மறக்காதீர்கள்.